யாரிடம் போய்ப் புகார் சொல்வது? வட அயர்லாந்தில் போலீஸ் மாறிய கதை

வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். வாசலில் நிறுத்திய காரைக் காணோம். யாரிடம் போய்ச் சொல்வது? போலீஸிடம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். 1970களிலும் 80களிலும் மேற்கு பெல்ஃபாஸ்ட்டில் இருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வராது. போலீஸைக் கூப்பிட்டால் தெருவில் 'காட்டிக்கொடுக்கிறவன்' என்ற பெயர் வரலாம். அந்தப் பெயர் வந்தால் உயிருக்கே ஆபத்து. போலீஸும் சும்மா வந்துவிடாது. கவச வண்டியில் வரும். சுற்றிலும் ராணுவத்தினர் துப்பாக்கியோடு காவல் நிற்பார்கள். வந்தவர் திருட்டைப் பற்றிக் கேட்பாரா, எதிர்வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்று கேட்பாரா என்ற பயம் வேறு.

அதனால் பலர், பிரிட்டனை விட்டு அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திப் போராடிய ஐ.ஆர்.ஏ. ஆட்களிடம் போனார்கள். அவர்கள் 'விசாரித்தார்கள்'. பிறகு, திருடிய பையனை இன்ன நேரத்துக்கு இன்ன சந்துக்கு வா என்று வரச்சொல்லி, முழங்காலில் சுட்டார்கள். வராமல் போனால் தண்டனை இன்னும் மோசமாகும் என்று தெரிந்ததால் பையன்கள் தாமாகவே போய் நின்ற சம்பவங்கள் உண்டு. சில சமயம் பெற்றோரே கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறார்கள். புராட்டஸ்டண்ட் பகுதிகளிலும் அங்கிருந்த ஆயுதக் குழுக்கள் இதையேதான் செய்தன.

சமாதானம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் உடனே போகவில்லை. 2005 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட்டில் மதுக்கடைத் தகராறு ஒன்றில் ஒருவர் கொல்லப்பட்டார். செய்தவர்களில் ஐ.ஆர்.ஏ.வினரும் இருந்தார்கள். கடை நிறைய ஆட்கள் இருந்தும் எதையும் பார்த்ததாகச் சொல்ல யாரும் முன்வரவில்லை. மார்ச் மாதம் ஐ.ஆர்.ஏ. ஓர் அறிக்கை விட்டது: கொன்றவர்களைச் சுட்டுவிடத் தயாராக இருக்கிறோம் என்று இறந்தவரின் குடும்பத்திடம் சொன்னோம், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். குடும்பம் கேட்டது கோர்ட்டை. மோதலை முடித்த புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது கிட்டத்தட்ட ஏழு வருடம் ஆகியிருந்தது.

போலீஸ் மீது ஒரு சமூகத்துக்கு நம்பிக்கை இல்லை என்றால், அந்த இடம் காலியாக இருக்காது. துப்பாக்கி வைத்திருக்கிற வேறு யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அதனால்தான், போர் ஓய்ந்த எந்த நாட்டிலும் போலீஸ் சீர்திருத்தத்தை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன். வட அயர்லாந்து அதைத் தள்ளிவைக்கவில்லை. அங்கே எது பலித்தது, எது இன்னும் பலிக்கவில்லை என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டு, வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு இருந்தன. அங்கே புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மை. 1922-இல் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி, சுருக்கமாக ஆர்.யு.சி., உருவானபோது மூன்றில் ஒரு பங்கு இடம் கத்தோலிக்கர்களுக்கு என்று முதலில் பேசப்பட்டது. அந்தப் பங்கு ஒருநாளும் நிறையவில்லை. போதாததற்கு 'பி ஸ்பெஷல்ஸ்' என்று ஒரு துணைப்படை. கிட்டத்தட்ட முழுக்கப் புராட்டஸ்டண்டுகள். ஆக, போலீஸின் வேலை பிறந்த நாளிலிருந்தே இரண்டாக இருந்தது: குற்றத்தைத் தடுப்பது ஒன்று, அந்த அரசு அமைப்பையே ஏற்காதவர்களிடமிருந்து அதைக் காப்பது இன்னொன்று. இரண்டாவது வேலைதான் முதல் வேலையைக் கெடுத்தது.

1968 அக்டோபர் 5 அன்று டெரி நகரத்தின் டியூக் தெருவில் சிவில் உரிமை ஊர்வலம் போனவர்களைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, உலகமே பார்த்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் கலவரம் கைமீறி பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. அப்போதே ஹன்ட் கமிட்டி என்று ஒன்று உட்கார்ந்து பி ஸ்பெஷல்ஸைக் கலைக்கச் சொன்னது, போலீஸின் கையிலிருந்து துப்பாக்கியை எடுக்கச் சொன்னது. அதை எதிர்த்து புராட்டஸ்டண்ட் பகுதியான ஷாங்கில் சாலையில் கலவரம் வெடித்தது. அந்த முப்பது வருட மோதலில் கொல்லப்பட்ட முதல் போலீஸ்காரர் அங்கேதான் விழுந்தார். சுட்டது ஐ.ஆர்.ஏ. அல்ல, போலீஸுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட தரப்பு.

அதற்குப் பிறகு சீர்திருத்தம் என்ற பேச்சு அமுங்கிவிட்டது. 1970களின் நடுவில், ராணுவத்தை முன்னால் நிறுத்துவதற்குப் பதில் போலீஸையே முன்னால் நிறுத்துவது என்று லண்டன் முடிவு செய்தது. ஸ்டேஷன்கள் கோட்டைகளாக மாறின. முப்பது வருடத்தில் 300-க்கும் மேற்பட்ட ஆர்.யு.சி. போலீஸார் கொல்லப்பட்டார்கள். இதைக் கடந்து போய்விட முடியாது. கத்தோலிக்கர்களின் கண்ணில் அது ஒரு தரப்பின் படை. இன்னொரு பக்கம், அந்தச் சீருடையைப் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது அப்பாவும் அண்ணனும் உயிர்விட்ட இடம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சீர்திருத்தம் செய்ய வந்தவர்களுக்கு உண்மையான சிக்கலே இதுதான்.

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம். அதில் போலீஸை என்ன செய்வது என்று தரப்புகளால் முடிவுக்கு வர முடியவில்லை. முடியாததை முடியாது என்று ஒத்துக்கொண்டு, ஒரு சுயேச்சையான ஆணையத்திடம் ஒப்படைத்தார்கள். ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் கவர்னராக இருந்த கிறிஸ் பேட்டன் அதன் தலைவர். அறைக்குள் உட்கார்ந்து அறிக்கை எழுதவில்லை அவர்கள். ஊர் ஊராகப் பொதுக்கூட்டம் போட்டார்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுந்து பேசினார்கள். போலீஸாக இருந்த கணவனைப் பறிகொடுத்தவர்களும் பேசினார்கள். போலீஸின் கையால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் பேசினார்கள். 1999 செப்டம்பரில் அறிக்கை வந்தது. மொத்தம் 175 பரிந்துரைகள்.

எல்லாரும் சண்டை போட்டது பெயருக்கும் சின்னத்துக்கும்தான். 'ராயல்' வேண்டாம், 'அல்ஸ்டர்' வேண்டாம், 'வட அயர்லாந்து போலீஸ் சேவை' என்று வைக்கலாம் என்றது ஆணையம். செத்தவர்களை இரண்டாம் முறை கொல்கிறீர்கள் என்று போலீஸ் குடும்பங்கள் கதறின. அறிக்கை வந்த இரண்டு மாதத்தில் ஆர்.யு.சி. முழுவதற்கும் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது அறிவிக்கப்பட்டது. காயத்துக்கு மருந்து போடும் முயற்சிதான் அது, தவறில்லை. 2000-இல் வந்த சட்டத்தைத் திறந்து பார்த்தால் முதல் பிரிவிலேயே ஒரு சமரசம் தெரியும். சட்டப்படி அந்தப் படையின் முழுப் பெயர் 'வட அயர்லாந்து போலீஸ் சேவை (ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரியை உள்ளடக்கியது)'. அன்றாடப் புழக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது கிடையாது. அந்த அடைப்புக்குறியை யாரும் பரிகசிக்க வேண்டாம். ஒரு தரப்பு அவமானப்படாமல் விலகிக்கொள்ள அது வழி விட்டது.

புதிய சின்னத்தில் கிரீடம் இருந்தது, ஐரிஷ் யாழ் இருந்தது, மூவிலை ஷாம்ராக் இருந்தது. தராசும் தீப்பந்தமும் ஆலிவ் கிளையும் இருந்தன. அனைத்தையும் போடுவதா, எதையுமே போடாமல் விடுவதா என்பது பெரிய விவாதம். அரசியல் சாயல் எதுவுமே வேண்டாம் என்பதுதான் பேட்டனின் யோசனை. கடைசியில், போலீஸைக் கேள்வி கேட்க அமைந்த புதிய வாரியத்தில் இருந்த கட்சிகள் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டார்கள். பேட்டன் சொன்னதை மாற்றினார்கள்தான், ஆனால் தாங்களே கூடிப் பேசி மாற்றினார்கள். அது எனக்குப் பிடித்த விஷயம்.

அடுத்தது ஆளெடுப்பு. ஆணையம் வேலையைத் தொடங்கியபோது போலீஸில் கத்தோலிக்கர்கள் சுமார் 8 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல். மெல்ல மெல்ல மாறட்டும் என்று விட்டால் இரண்டு தலைமுறை ஆகும். எனவே ஐம்பதுக்கு ஐம்பது: தேர்விலும் உடல்தகுதியிலும் தேறியவர்களை ஒரு பட்டியலில் போட்டு, அதிலிருந்து ஒரு கத்தோலிக்கருக்கு ஒரு கத்தோலிக்கர் அல்லாதவர் என்ற கணக்கில் எடுப்பது. தேர்வை நடத்தியதும் போலீஸ் அல்ல, ஒரு வெளி நிறுவனம். மத அடிப்படையில் வேலை கொடுப்பது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைவாய்ப்பு உத்தரவிலேயே வட அயர்லாந்து போலீஸுக்கென்று தனி விலக்கு எழுதப்பட்டது. பழைய போலீஸார் கௌரவமாக ஓய்வு பெற்றுப் போகத் தாராளமான பணமும் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் புதியவர்களுக்கு இடம் எங்கிருந்து வரும்?

இதற்கு விலை உண்டு. தகுதி இருந்தும் புராட்டஸ்டண்ட் என்பதால் இடம் கிடைக்காத இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. முன்பு நடந்த அநியாயத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. அனுபவமிக்க துப்பறிவாளர்கள் பலர் ஒரேயடியாக வெளியேறியதால், அப்புறம் ஓய்வு பெற்றவர்களையே ஏஜென்சி மூலம் திரும்ப வேலைக்கு வைக்க வேண்டி வந்தது. அது வேறொரு சர்ச்சையானது. ஆனாலும் 2001-இல் தொடங்கி பத்து வருடத்தில் கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியது. இவ்வளவு வேகமாக மாறிய போலீஸ் படைகள் உலகில் அதிகம் இல்லை.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்: பெயரை மாற்று, ஆளை மாற்று, நம்பிக்கை வந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஆள் ஒருவன் சீருடையில் நின்றால் கொஞ்சம் தைரியம் வரும், சரி. அந்த ஆள் தப்புச் செய்தால்? அவனைக் கேட்க ஆளில்லை என்றால் அவன் எந்தச் சாதிசனமாக இருந்து என்ன? வட அயர்லாந்தில் பலித்தது கேள்வி கேட்கும் ஏற்பாடு. போலீஸை நம்பாதவர்களின் கையிலேயே அதைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். நம்பிக்கை அதற்குப் பின்னால்தான் வந்தது, அதுவும் தயங்கித் தயங்கி.

ஏற்பாடு இரண்டு. ஒன்று, 19 பேர் கொண்ட ஒரு வாரியம். 10 பேர் சட்டமன்ற உறுப்பினர்கள், கட்சி பலத்துக்கு ஏற்ப. 9 பேர் கட்சி சாராதவர்கள். போலீஸ் தலைவரை நியமிப்பது, வருடத் திட்டத்தை வகுப்பது, பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. போலீஸ் தலைவர் பொதுக்கூட்டத்தில் அவர்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதற்கு 'போலீஸ் வாரியம்' என்று பேட்டன் பெயர் வைக்கவில்லை. 'காவற்பணி வாரியம்' என்கிற பொருளில் வைத்தார். ஊரைப் பாதுகாப்பது போலீஸின் வேலை மட்டுமில்லை, எல்லாருடைய வேலை என்று காட்டவே அந்தப் பெயர். இன்னொரு சொல்லையும் மாற்றினார். 'செயல்பாட்டுச் சுதந்திரம்' என்று போலீஸ் தலைவர்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு சொல் உண்டு: என் முடிவை யாரும் கேட்கக் கூடாது என்பதற்கான கவசம். பேட்டன் அதை எடுத்துவிட்டு 'செயல்பாட்டுப் பொறுப்பு' என்றார். முடிவை நீங்களே எடுங்கள், எவரும் முன்கூட்டியே கையைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் எடுத்த பிறகு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு சொல் மாற்றம்தான். அந்த 175 பரிந்துரைகளில் மிக ஆழமாகப் போனது அது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ஒம்புட்ஸ்மன். போலீஸ் மீது வரும் புகார் ஒவ்வொன்றும் போலீஸிடம் போகாமல் நேரே இந்த அலுவலகத்துக்குப் போகும். அதற்குச் சொந்தமாகப் புலனாய்வாளர்கள். கைது செய்யும் அதிகாரம்கூட உண்டு. யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் தானாகவே விசாரிக்கலாம். போலீஸ் துப்பாக்கி வெடித்தால் விசாரணை அங்கே போய்விடும். 2000 நவம்பரில் அலுவலகம் திறந்தது. முதல் ஒம்புட்ஸ்மன் நூலா ஓ'லோன் என்ற சட்ட விரிவுரையாளர்.

அந்த அலுவலகத்துக்குப் பல் இருக்கிறதா என்று சீக்கிரமே தெரிந்தது. 1998 ஆகஸ்ட் 15 அன்று ஓமா நகரத்தில் வெடித்த குண்டில் 29 பேர் இறந்தார்கள். சமாதானத்தை ஏற்காத ஐ.ஆர்.ஏ. பிரிவு வைத்த குண்டு. 2001 டிசம்பரில், புதிய போலீஸ் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஓ'லோன் தன் அறிக்கையை வெளியிட்டார்: முன்கூட்டி வந்த தகவல்களைக் கையாண்ட விதமும் பிறகு நடந்த விசாரணையும் மோசம், தலைமை சரியில்லை. போலீஸ் தலைமை கொதித்தது. பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட் அரசியல்வாதிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

பெரிய சோதனை 2007 ஜனவரியில். கத்தோலிக்கர்களின் பெரிய கட்சியாக வளர்ந்திருந்த ஷின் ஃபேன் அதுவரை வாரியத்தில் உட்கார மறுத்து வந்தது. போலீஸை ஏற்பதா வேண்டாமா என்று வாக்கெடுக்க ஜனவரி 28-க்கு டப்ளினில் சிறப்பு மாநாட்டைக் கூட்டியிருந்தது. அதற்கு ஆறு நாள் முன்பு, ஜனவரி 22 அன்று, ஓ'லோனின் இன்னொரு அறிக்கை வந்தது. வடக்கு பெல்ஃபாஸ்ட்டில் புராட்டஸ்டண்ட் ஆயுதக் குழு ஒன்றில் இருந்த உளவாளிகள் பல கொலைகளில் சம்பந்தப்பட்டிருந்தும், பழைய ஆர்.யு.சி.யின் சிறப்புப் பிரிவு அவர்களைப் பாதுகாத்து வந்தது என்று அதில் இருந்தது. இது வெளிவந்தால் ஷின் ஃபேன் தொண்டர்கள் கொதித்து வாக்கைக் கவிழ்ப்பார்கள் என்று சாதாரணக் கணக்கு போடுபவர் நினைப்பார். நடந்தது நேர்மாறு. போலீஸ் தலைவர் ஹியூ ஓர்ட் அறிக்கையை ஏற்றுக்கொண்டு குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மாநாடு மிகப் பெரும்பான்மையுடன் போலீஸை ஏற்றது. எத்தனையோ வருடமாக நாம் சொல்லி வந்தது உண்மைதான் என்று அரசின் ஓர் அலுவலகமே முத்திரை குத்திச் சொன்னது அவர்களைத் தள்ளிவிடவில்லை, உள்ளே கொண்டுவந்தது. அழுக்கை மூடினால் நம்பிக்கை வளரும் என்று நினைக்கும் எந்த அதிகாரியும் அந்த ஆறு நாட்களைப் படிக்க வேண்டும்.

மற்ற நாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்கா 1995-இல் பதினொரு தனித்தனிப் படைகளை ஒன்றாக்கி, ராணுவப் பதவிப் பெயர்களை நீக்கியது. 2010-இல் அதே பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கொசோவோவில் 1999-இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்து புதுப் போலீஸையே உருவாக்கினார்கள். அங்கே கலைக்கவோ திருத்தவோ நம்பத்தகுந்த பழைய படை எதுவும் இல்லை. ஓர் ஊரின் மருந்து இன்னோர் ஊருக்கு அப்படியே ஆகாது.

2009 மார்ச்சில், சமாதானத்தை ஏற்காத ஐ.ஆர்.ஏ. பிரிவு ஒன்று புதிய போலீஸைச் சேர்ந்த ஒருவரை முதன்முறையாகக் கொன்றது. அடுத்த நாள், ஒரு காலத்தில் டெரியில் ஐ.ஆர்.ஏ. தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸ், துணை முதல்வராக, போலீஸ் தலைவரின் பக்கத்தில் நின்று கொன்றவர்களை அயர்லாந்துத் தீவின் துரோகிகள் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் தன் பழைய தோழர்கள் பலரின் பகையைச் சம்பாதித்தார்.

2011 மார்ச் 28 அன்று ஐம்பதுக்கு ஐம்பது ஏற்பாடு முடிவுக்கு வந்தது. சரியாக ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, ஓமாவில் ரோனன் கெர் என்ற 25 வயது கத்தோலிக்கப் போலீஸ்காரர் காரைக் கிளப்பப் போனார். காருக்கு அடியில் குண்டு. புதிதாகப் பணிக்கு வந்தவர். போலீஸில் சேரும் கத்தோலிக்கர்களைக் குறிவைத்தால் மற்றவர்கள் பயந்து நின்றுவிடுவார்கள் என்பது கொன்றவர்களின் கணக்கு. அவருடைய அம்மா அந்தத் துக்கத்திலும், இதைக் கண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள் போலீஸில் சேராமல் இருந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

பெரா கிராமத்தில் இறுதிச் சடங்கு. கேலிக் விளையாட்டுச் சங்கம் என்பது அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் மூச்சு மாதிரி. வட அயர்லாந்துப் போலீஸார் அதில் உறுப்பினராகவே முடியாது என்று 21-ஆம் விதி என்ற தடை 2001 வரை இருந்தது. அன்று சவப்பெட்டியைத் தோளில் தூக்கி வந்தவர்கள் அந்தச் சங்கத்துக்காரர்கள். வழியில் நின்று, அவர்களுடைய தோளிலிருந்து சீருடை அணிந்த போலீஸ்காரர்களின் தோளுக்குப் பெட்டியை மாற்றினார்கள். முதல்வர் பீட்டர் ராபின்சன், யூனியனிஸ்ட் தலைவர், கத்தோலிக்க ஆலயத்துக்குள் போய்த் திருப்பலியில் உட்கார்ந்தார். அவர் கட்சிக்காரர்கள் பலருக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இன்னும் தீராதவை நிறைய. பழைய கொலைகளை யார் விசாரிப்பது? 2005-இல் போலீஸுக்குள்ளேயே அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். ராணுவத்தினர் செய்த கொலைகளை அது வேறு தராசில் நிறுக்கிறது என்று 2013-இல் ஆய்வு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் குழுவை மூடினார்கள். தன் பழைய தப்பைத் தானே விசாரிக்கச் சொன்னால் எந்தப் போலீஸும் தடுமாறும். எதிர்ப்பக்கத்திலும் மனக்குறை வந்துவிட்டது. 2012 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நகரமன்றத்தில் பிரிட்டிஷ் கொடியை வருடத்துக்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் ஏற்றுவது என்று முடிவானபோது நடந்த போராட்டங்களில், போலீஸ் இப்போது எங்களுக்கு எதிரி ஆகிவிட்டது என்று புராட்டஸ்டண்ட் உழைப்பாளர் தெருக்களில் பேசத் தொடங்கினார்கள். அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஐம்பது வருடம் முன்பு மறுபக்கம் பேசியதைக் கேட்காமல் விட்டதால்தான் இத்தனை சவப்பெட்டிகள்.

2021 மக்கள்தொகைக் கணக்கில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம். போலீஸில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறார்கள். ஐம்பதுக்கு ஐம்பது நின்றபின் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற வாதம் அவ்வப்போது எழுகிறது. பணியில் இருப்பவர்கள் இன்றும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள். சீருடைச் சட்டையைத் துவைத்து வெளியே கொடியில் போடுவதில்லை, வீட்டுக்குள்தான் காயும். என்ன வேலை பார்க்கிறோம் என்பதைச் சொந்தக்காரர்களிடம்கூட மறைப்பவர்கள் இருக்கிறார்கள், கத்தோலிக்கர்களில் அதிகம். 2023 ஆகஸ்ட் 8 அன்று, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதில் அனுப்பும்போது, ஏறக்குறைய 10,000 அதிகாரிகள், ஊழியர்கள் பெயரும் பணியிடமும் அடங்கிய பட்டியல் தவறுதலாக இணையத்தில் வெளியானது. சில மணி நேரம் அது அங்கேயே இருந்தது. அடுத்த மாதம் போலீஸ் தலைவர் பதவி விலகினார். இத்தனை வருடம் சட்டையை வீட்டுக்குள் காயப்போட்டவர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.